நான் சுதனாக நின்ற சனிக்கிழமை

மூலக்குளத்தில் எங்கள் வீட்டில் படிப்பு ஒருவருக்குத்தான் ஏறியது. அது அக்கா. அவள் காலேஜில் பத்திரிகைப் படிப்பு படித்தபோது நான் ஐந்தாவது. வகுப்புக்குள் உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் அதிகம். ஈசிஆர் பக்கம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதி வரச் சொல்லி அவளை அவளுடைய வாத்தியார் அனுப்பினார். வயசுப் பெண்ணைத் தனியே அனுப்பக் கூடாதென்று அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினாள். பஸ் ஏறியதுமே காவல்காரன் அக்கா மடியில் தூங்கிவிட்டான்.

முகாமில் அக்கா கேட்டதற்கெல்லாம் பிள்ளைகள் தலையை மட்டும் ஆட்டினார்கள். மதியம்வரை அவள் நோட்டில் தேதி மட்டும்தான் இருந்தது. அப்போது ஆபீசர் ஜீப் வந்தது. அடிக்கடி வந்து ஆள் சரிபார்ப்பார்களாம். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பதிவிலிருந்து பேரை வெட்டி, உதவிப்பணத்தை நிறுத்திவிடுவார்களாம். அன்றைக்குச் சொல்லாமல் வந்துவிட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டுப் பையன் சுதன், எட்டாவது படிக்கிறவன், மாமனோடு பெயின்ட் அடிக்கப் போய் இன்னும் திரும்பவில்லை. அவன் அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, சுதன் எண்டு கூப்பிட்டா கையை மட்டும் தூக்குறியா? வாய் திறக்கக் கூடாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நோட்டை மூடினாள்.

"போடா," என்றாள்.

முகாம் அட்டையிலிருந்த போட்டோவில் சுதன் கைக்குழந்தை. ஆபீசர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தினாவது படிக்கிற?"

அந்த அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. எட்டு விரலைக் காட்டினேன். நான் எட்டாவது பாசானது அந்த ஒரு தடவைதான்.

"ஏன், வாயில்லியா?"

"கூச்சம் சேர்," என்றாள் அந்த அம்மா.

என்னைக் கூச்சக்காரன் என்று சொன்ன ஒரே மனுஷி அவள்தான். ஆபீசர் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது என் வீரத்தை எப்படியெல்லாம் எழுத வேண்டுமென்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். அவள் எழுதியதில் நானும் இல்லை, சுதனும் இல்லை. குழாயடி வரிசையும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரமும்தான் இருந்தன. உப்புசப்பில்லை என்று வாத்தியார் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"என்னப் பத்தி எழுதியிருந்தா பாசாயிருப்ப," என்றேன்.

"அத மட்டும் எழுதக் கூடாதுடா," என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்தத் தாள்களோடு மறுபடி போனோம். சுதனின் அம்மா கடைசி வரிவரைக்கும் விரல் வைத்துப் படித்தாள். சுதன் பேர் எங்கேயாவது இருக்கிறதா என்று திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டு, "அக்காட்டக் கதையடா," என்றாள். சுதன் வந்து உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தவன் சாயங்காலம்வரை நிறுத்தவில்லை. மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா இன்றைக்கும் அந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறாள்.

நானோ, இவர்களெல்லாம் என் நடிப்புக்கு மரியாதையாகத்தான் பேசுகிறார்கள் என்று நம்பி, சுதன் தோளில் கை போட்டபடி நடுவில் உட்கார்ந்திருந்தேன்.