மண்டபத்தில் தொங்கிய தூளி

வெள்ளம் வடிந்து இரண்டு மாதமாகியும் எங்கள் தோட்டத்து ஆற்றோர லய வீடுகளில் ஈரம் காயவில்லை. பழுதுபார்க்க நிர்வாகம் தருவதாகச் சொன்ன பலகையும் வரவில்லை. அந்த லயத்துப் பார்வதி கைக்குழந்தையோடு கோயில் மண்டபத்திலேயே இருந்தாள். அதற்குள் திருவிழா நெருங்கிவிட்டது.

"காப்புக் கட்டுறதுக்குள்ள மண்டபத்தக் கழுவணும் லா. அவளப் போகச் சொல்லும்மா" என்றார் கோயில் தலைவர். மாதர் குழுவில் இருந்த நான்தான் போய்ச் சொன்னேன். பார்வதி தூளியை அவிழ்த்துக்கொண்டு ஈர வீட்டுக்கே திரும்பினாள்.

மூன்றாம் நாள் காலை அவள் வீட்டு உத்தரம் உளுத்து விழுந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட வெளியே போயிருந்ததால் இருவரும் பிழைத்தார்கள்.

கோலா சிலாங்கூர் பள்ளிவாசல்காரர்கள்தான் லோரியில் பலகை கொண்டுவந்து, வாரக்கணக்கில் லயத்தைச் செப்பனிட்டார்கள். எங்கள் தலைவர் அவர்களுக்கு மாலை போட வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாலையக் கீழ வச்சிட்டு சுத்தியல எடுங்க" என்றேன்.

மறுவருடமும் வெள்ளம் வந்தது; லயத்துக்காரர்கள் மறுபடி மண்டபத்துக்கு வந்தார்கள். மண்டபத்தில் ஒரு தூளி தொங்கினாலும் காப்புக் கட்டக் கூடாது என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி ஒவ்வொரு வருடமும் உட்காருவேன். அந்த வருடத் திருவிழா ஒரு மாதம் தள்ளிப்போனது. அம்மன் கோபித்ததாகத் தெரியவில்லை. தலைவர்தான் இன்னும் என்னோடு பேசுவதில்லை.