ஏழரை எச்.பி. சுருதி

"உனக்கு எழுத்து வரும், சரி. பாட்டு வருமாடி?"

அத்தை இதைக் கேட்டபோது என் கையில் பாட்டு நோட்டு இருந்தது. அப்பாவோடு பிறந்தவர்கள் ஆறு பேர். பாகூர் பக்கத்தில் ஒரே தெருவில் எங்களுக்கு வரிசையாக ஏழு வீடு. அந்த ஏழு வீட்டிலும் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரிக்கும் போய், பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் கடைசி ஆளும் நான்தான்.

எங்கள் தெருவில் யார் போனில் புதுப் பாட்டு வந்தாலும் சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டுக்கும் தெரிந்துவிடும். முதல் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே யாராவது ஒரு வரி பாடினால், அடுத்த வரி நாலாவது வீட்டிலிருந்து வரும். அதிலும் அத்தை, பெரியம்மா, அம்மா, சின்னம்மா நாலு பேரும் ஒன்றாகக் கழனி வேலைக்குப் போகிறவர்கள். நடவோ களையோ, வாய் ஓயாது. அவர்கள் பாடுவதையெல்லாம் எழுதி வைத்ததுதான் அந்த நோட்டு.

அத்தை மகளுக்கு மதகடிப்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. பேச வந்த மாப்பிள்ளையின் மாமா, "ரிசப்ஷனுக்கு ஆர்க்கெஸ்ட்ரா யாரு?" என்று கேட்டார்.

"நாங்கதான்" என்றாள் அத்தை.

"வெளையாடாதீங்க சம்பந்தி."

"இன்னா வெளையாட்டு? எங்க வூட்டுப் பொம்பளைங்க பாடுவோம். வந்து கேளுங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் சொதப்பினால், அந்தப் பேச்சை அத்தை மகள்தான் அந்த வீட்டில் வருஷக்கணக்காகக் கேட்க வேண்டியிருக்கும். மைக், பாட்டு வரிசை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பாட்டு வராது அத்தே. ஏற்பாடு வரும்" என்றேன்.

ஊர்ச் சமுதாயக் கூடத்தைத் திறக்கச் சொல்லி, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒத்திகை வைத்தோம். நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். அத்தை ஒரு உயரத்தில் எடுத்தாள். அம்மா அதற்குக் கீழே. பெரியம்மா எங்கே போனாள் என்றே தெரியவில்லை.

"நாலு பேரும் நாலு பஸ்ஸுல போறோம்" என்றாள் சின்னம்மா.

மூன்று முறை எடுத்தும் சேரவில்லை. அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆர்க்கெஸ்ட்ராவே வெச்சிக்கலாம்னு சொல்லிடறேன்" என்றாள். ரெண்டு கழனிக்கு அப்பால் கேட்கிற குரல் அவளுடையது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஆபீஸ் இல்லாததால் அவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். நாலு பேரும் பேசாமல் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் கரண்டு வந்து, பம்புசெட் கொட்டாயில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. ம்ம்ம் என்று ஒரே சீரான சத்தம். அத்தை தன்னை அறியாமல் நேற்றுக் கெட்டுப்போன அதே பாட்டை எடுத்தாள். மற்ற மூன்று குரலும் அதன்மேல் அச்சாக வந்து உட்கார்ந்தன.

எனக்குச் சந்தேகம் வந்தது. கொட்டாய்க்குள் போய் மோட்டாரை நிறுத்தினேன். ரெண்டு வரிக்குள் பாட்டு நாலு பஸ் ஏறியது.

"இன்னாடி நோண்டற அங்க?" என்று அத்தை கத்தினாள். திரும்பப் போட்டேன். பாட்டு சேர்ந்துகொண்டது.

இருபது வருஷமாக அவர்களுக்குச் சுருதி கொடுத்தது அந்த ஏழரை எச்.பி. மோட்டார்தான். சுருதி என்ற வார்த்தை அவர்களுக்குத் தெரியாது. எனக்கு வார்த்தை தெரியும், சுருதி தெரியாது.

போனை எடுத்து மோட்டார் சத்தத்தைப் பதிவு செய்தேன்.

"மோட்டாரோட செல்பி எடுக்கிறாடி" என்றாள் சின்னம்மா. முதல் பதிவில், "டீல சக்கரை போட்டியா இல்லியா?" என்று பெரியம்மாவின் குரல் விழுந்துவிட்டது. ரெண்டாவது பதிவு சுத்தமாக வந்தது. அதை ஓடவிட்டுக் கூடத்தில் பாடிப் பார்த்தோம். நாலு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.

ரிசப்ஷன் அன்று மைக்செட்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஏங்க, இந்த மாதிரி இரைச்சல் வராம பாத்துக்கிறதுதான் என் வேலையே. நீங்க அதையே போடச் சொல்றீங்க."

கெஞ்சி, என் போனைச் செட்டில் மாட்ட வைத்தேன். மாப்பிள்ளையின் மாமா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதின் நடுவில் என் போன் மணி பந்தல் முழுக்க அலறியது. சமையல்கட்டிலிருந்து பெரியப்பா. ரசம் வாளி எங்கே என்று கேட்கத்தான் என்று பிற்பாடு தெரிந்தது. அழைப்பைத் துண்டித்தேன். மோட்டாரும் நின்றுபோயிருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தையின் குரல் ஏறத் தொடங்கியது. போனில் தேடிப் போட நேரமில்லை. பக்கத்தில் கிடந்த மைக்கை எடுத்து, ம்ம்ம் என்று நானே ஆரம்பித்தேன். பாட்டுக்குத்தான் மேலே கீழே போக வேண்டும். மோட்டாருக்கு அது வேண்டாம். சின்ன வயசிலிருந்து கேட்ட சத்தம், அசையாமல் நின்றது. ஏறிய குரல் இறங்கி வந்து அதில் உட்கார்ந்தது. பாட்டு முடியும் வரை, மூச்சு வாங்கிய இடம் தவிர, நான் நிறுத்தவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் மாமா மேடைக்கே வந்துவிட்டார். "அடியில ஒரு சத்தம் வந்துச்சே, அது இன்னா வாத்தியம்?"

"அதுவா, ஏழரை..." என்று பெரியம்மா ஆரம்பிக்க, அத்தை அவள் வாயைப் பொத்தினாள். "கல்யாண மேடையில இன்னா வார்த்தடி சொல்ற?"

"எச்.பி.ன்னு முடிக்க வுடேன்."

மாமா இன்னொரு பாட்டு கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பி, "பாட்டு வருமான்னு கேட்டேன். மோட்டார் வருது. போடு" என்றாள்.

போன மாதம் வில்லியனூரில் ஒரு பாட்டு வகுப்புக்கு விண்ணப்பம் கொடுத்தேன், என் பெயருக்கு ஒன்று, அத்தை பெயருக்கு ஒன்று. முதல் சனிக்கிழமை, உங்களுக்கு என்ன சுருதி என்று ஆசிரியர் கேட்டார். நான் ம்ம்ம் என்றேன். அவர் ஆர்மோனியத்தில் ரெண்டு மூன்று கட்டை அழுத்திப் பார்த்தார்.

"அஞ்சு கட்டை. ஒரு நூல் தூக்கலா இருக்கு."

"எங்க மோட்டாரு அப்படித்தான் சார்" என்றாள் அத்தை. அந்தச் சனிக்கிழமையோடு சேர்த்து இதுவரை நாலு வகுப்பு முடித்துவிட்டோம்.