அத்தை தைத்த போர்வை

எங்கள் சொந்தத்தில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் போர்வை தைத்துக் கொடுத்தது என் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமாகிச் சில வருடங்களில், பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு கள்ளக்குறிச்சியில் எங்களோடுதான் இருந்தாள்.

யாராவது முழுகாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், அத்தை பழைய காட்டன் புடவைகளைத் தேடத் தொடங்கிவிடுவாள். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே நெருக்கமாகத் தைத்துக்கொண்டே வருவாள். முடித்ததும் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். எங்காவது முடிச்சு உறுத்தினால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். நான் அப்படியொரு போர்வையில் வளர்ந்தவள். உலகத்துக் குழந்தைகள் எல்லாமே அப்படித்தான் தூங்குகின்றன என்று நினைத்திருந்தேன்.

மூங்கில்துறைப்பட்டில் இருந்த சித்தப்பாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தபோது, அத்தை பச்சைக் கரை வைத்த போர்வை ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். பிள்ளைக்குக் காது குத்தும்போதுதான் நாங்கள் எல்லோரும் போனோம். உள்ளே நுழைந்ததும் அத்தையின் கண் பிள்ளை படுத்திருந்த இடத்துக்குத்தான் போனது. கரடிப் படம் போட்ட கடை மெத்தையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையைத் துவைக்கப் போட்டிருப்பார்கள் என்று அத்தை தானாகவே சொல்லிக்கொண்டாள்.

பந்திக்கு அரிசி களைந்த கழுநீரை மாட்டுக்கு ஊற்ற அத்தை பின்பக்கம் போனாள். நானும் கூடவே ஓடினேன். கொட்டகையில் மாடு கன்று போட்டிருந்தது. கன்றின் முதுகில் அந்தப் போர்வையைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பச்சைக் கரையில் சாணி காய்ந்திருந்தது.

சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். உள்ளே சித்தியின் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது.

“வவுறு தொறக்காதவ கையால தச்சது. புள்ள மேல படக்கூடாதுன்னு நான்தான் எடுத்து வெளியே போட்டேன். கன்னுக்குட்டிக்காவது ஆவட்டும்.”

அத்தை வாளியோடு அப்படியே நின்றாள். பிறகு கழுநீரைத் தொட்டியில் ஊற்றினாள். குனிந்து, கன்றின் வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த கயிற்றை அவிழ்த்து, அறுக்காதபடி தளர்த்திக் கட்டிவிட்டாள்.

காது குத்தியதும் வீறிட்டு அழுத பிள்ளையைச் சித்தப்பா அவளிடம் நீட்டினார். கையெல்லாம் சாணியாக இருக்கிறது என்று சொல்லி அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் சோப்புப் போட்டுக் கை கழுவியதை நான் பார்த்திருந்தேன்.

மறு வருடம் சித்தி மறுபடி முழுகாமல் இருந்தாள். அத்தை புடவை எதையும் தேடவில்லை. கடைவீதிக்குப் போய், பிளாஸ்டிக் உறையில் வைத்த குழந்தை மெத்தை ஒன்றை வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தாள்.

“நீங்க வாங்குனதா சொல்லுங்க அண்ணி. நான் தொட்டன்னு சொல்லிடாதீங்க.”

அம்மா அப்படியே சொல்லிக் கொடுத்தனுப்பினாள். அந்த மெத்தையில்தான் சித்தியின் பெண் தூங்கி வளர்ந்தாள்.

ஜன்னலில் கேட்ட பேச்சின் அர்த்தம் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை; தைத்துத் தைத்து அத்தைக்குச் சலித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஒருநாள் அவள் மடியில் படுத்துக்கொண்டு, இப்போதெல்லாம் ஏன் தைப்பதே இல்லை என்று கேட்டேன். விரலெல்லாம் வலிக்கிறது என்றாள். நான் எழுந்து உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, வலி போகும்வரை ஊதிவிட்டேன்.