நூலளவு விரிசலுக்கு எந்தப் பசை?

என் அக்கா கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். காலை முதல் மாலை வரை வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் வேலை. கேட்கட்டும், அதற்குத்தான் சம்பளம். ஆனால் அத்தான் வீட்டிலும் அதையே கேட்டு உயிரை வாங்குவார். ஒரு துண்டு வாங்கப் போனால்கூட இதுவா அதுவா என்று மாற்றி மாற்றிப் பார்த்து முடிப்பதற்குள் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருமுவார். அக்கா வீட்டில் தங்கியிருக்கும் பாவத்துக்கு நானும் கூடவே நிற்பேன்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரில், உத்தரத்துக்குக் கீழே நூலளவு விரிசல் ஒன்று. பார்த்தால் தெரியாது, பேசினால் தெரியும். அக்கா அத்தானைத் திட்டித் தீர்த்த மறுநாள், பக்கத்து வீட்டுக்காரி மாடிப்படியில் நிறுத்தி, "நீங்க சொன்னதுல தப்பே இல்லக்கா" என்று ஆறுதல் சொன்னாள். அக்காவுக்கு மானமே போய்விட்டது. அன்று முதல் வீட்டில் சண்டையெல்லாம் குசுகுசுப்பில்தான். குசுகுசுவென்று திட்டிப் பாருங்கள், கோபம் பாதிகூட இறங்காது.

"முதல்ல அந்த விரிசல அடைங்க. என் வீட்டுல நான் வாய்விட்டுப் பேசணும்" என்றாள் அக்கா.

அத்தான் கிளம்பினார். சிலிக்கான் பசை, அக்ரிலிக் பசை, வெள்ளை சிமெண்ட் எல்லாம் வந்து இறங்கின. ஒரு பழைய பலகையில் கோடு கோடாக இழுத்துக் காயவைத்தார். பிறகு அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே பலகையைப் பிடித்தார்.

"இது நல்லா இருக்கா, முன்னது நல்லா இருந்துச்சா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"இடது கண்ணை மூடிக்கிட்டுப் பாரு."

நான் சிரித்துத் தொலைத்தேன். அக்கா முறைத்தாள்.

சிலிக்கான் நன்றாக வளைந்துகொடுக்கும், ஆனால் மேலே பெயிண்ட் ஒட்டாது. அக்ரிலிக்கில் பெயிண்ட் ஒட்டும், ஆனால் காய்ந்தால் கொஞ்சம் சுருங்கும். சிமெண்ட் மறுபடி வெடிக்கும். இதை அத்தான் சொல்லாத வேளையில்லை. ஒரு சாயங்காலம் அக்கா குசுகுசுப்பை மறந்து கத்திவிட்டாள்: "ஏதோ ஒண்ண பூசித் தொலைங்க!"

உத்தரத்துக்குக் கீழேயிருந்து பதில் வந்தது. "அக்ரிலிக்கே போடுங்கண்ணா. மழை படாத சுவர்தானே? சுருங்கினா இன்னொரு தடவை பூசிக்கலாம். எங்களாலயும் முடியல."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அத்தானுக்கோ பரம திருப்தி. அப்போதே ஏணி போட்டு ஏறி, டியூப் மூக்கை மெல்லிசாக வெட்டி, விரிசலுக்குள் அழுத்தி நிரப்பி, ஈர விரலால் வழித்துவிட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், வேலை சுத்தம்.

காய்ந்த பிறகு சோதனை. அத்தான் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சுவரில் காதை வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா இங்கிருந்து வழக்கம்போலத் திட்ட வேண்டும். அக்கா இடுப்பில் கைவைத்து ஆரம்பித்தாள்.

"செருப்பு வாங்க ஒரு நாள்! பசை வாங்க ஒரு மாசம்!" மூச்சு வாங்கினாள். பிறகு அதே கத்தலில், "பொண்ணு பார்க்க வந்தப்ப என்னை மட்டும் ஒரே தடவை பார்த்துட்டு, வேற யாரையும் பார்க்க வேணாம்னு சொன்ன மனுஷன்தானே நீங்க!" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அத்தான் ஓடிவந்தார். "ஒண்ணுமே கேக்கல! ஒரு வார்த்தைகூடக் கேக்கல! என்னன்னு திட்டினே?"

"எப்பவும் சொல்றதுதான்" என்றாள் அக்கா.