நான் அழுத்தாத பொத்தான்

மகளின் முதல் பிரசவத்தில் அறைக்குள் துணைக்கு ஒருவருக்குத்தான் இடம். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. எல்லை தாண்டி வரும் ஜொகூர் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். அந்த இடம் எனக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

காலையிலேயே அவள் முதுகில் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு எபிடியூரல் கொடுத்திருந்தார்கள். மறுமுனையில் ஒரு சின்ன மெஷின், அதிலிருந்து ஒரு பொத்தான். வலி கூடும்போது அழுத்தினால் ஓர் அளவு மருந்து இறங்கும். எத்தனை முறை அழுத்தினாலும் அளவு மீறாமல் மெஷினே பூட்டிக்கொள்ளும். அவளைத் தவிர யாரும் அழுத்தக்கூடாது என்று தாதி இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனார்.

மதியம் மகளுக்குக் குளிரெடுத்துக் கை நடுங்கியது. "நீங்க வச்சிருங்க மா, நான் சொல்றப்ப அமுக்குங்க" என்று பொத்தானை என்னிடம் கொடுத்தாள்.

எனக்கு அந்த மருந்தின்மேல் முதலிலிருந்தே கோபம். மூன்று பிள்ளைகளையும் சிகாமட் ஊரில் துண்டைக் கடித்துக்கொண்டு பெற்றவள் நான். பக்கத்தில் சாஆ என்ற ஊரில் இருக்கும் என் நாத்தனார், முதுகில் ஊசி போட்டதிலிருந்து குனிய முடியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை மந்தமாகப் பிறக்கும் என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தவள் என்ற திமிர் விடவில்லை.

அவள் கேட்டாள். அமுக்கிவிட்டேன் என்றேன். அமுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள், மறுபடி அதே பொய். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் துடித்ததைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம்தான், தாங்கிக்கொள் என்று தலையைத் தடவினேன். எத்தனை முறை கேட்டாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதக் கூசுகிறது.

மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து தாதி மயக்க மருந்து டாக்டரை அழைத்தார். டாக்டர் குழாயைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், கடைசியில் மெஷினின் திரையைப் பார்த்தார். மதியத்திலிருந்து ஒரு தடவைகூட அழுத்தப்படவில்லை என்று மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னார். என் கையிலிருந்த பொத்தானை வாங்கி மகளின் கையில் வைத்தார். என்னைத் திட்டவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். "கேக்குறப்பெல்லாம் அமுக்கிட்டேன்னு சொன்னீங்களே மா."

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். மகள் என் வீட்டில்தான் பத்தியம் இருந்தாள். வைத்ததைச் சாப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்க மா" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன மாதம் அவளுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாளாம். நான் பக்கத்துத் தாமானில், அடுத்த குடியிருப்பில்தான் இருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளைதான் போன் செய்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் சொன்னாளாம்.