ரெண்டு பத்துக்கு நிக்கிற கமெரா

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆஸ்பத்திரியால வீட்டை வந்த கிழமையே அண்ணா லண்டனில இருந்து அனுப்பின கமெரா அது. தேங்காய்ப்பாதி அளவுதான் இருக்கும். அலுமாரிக்கு மேல வைச்சு அம்மாவின்ர கட்டிலைப் பாக்கத் திருப்பி விட்டனான். வெள்ளவத்தையில அம்மா இருமினால் அங்க அவருக்குக் கேக்கும், அவர் அங்க இருந்து கதைச்சால் அலுமாரிக்கு மேல இருந்து குரல் வரும். முதல் நாள் அம்மாவுக்கு சரியான புளுகம். தலையை இழுத்துக் கட்டிப்போட்டு அலுமாரியைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு கிடந்தா.

நான் கொள்ளுப்பிட்டியில ஒரு கந்தோரில இருபத்தேழு வருசம் வேலை செய்தனான். அம்மா விழுந்ததோட அதை விட்டிட்டன். விடிய நாலு மணிக்கு எழும்பினால் அம்மாவைத் துடைச்சு, உடுப்பு மாத்தி, மருந்து குடுத்து, சமைச்சு, காலுக்குப் பயிற்சி செய்விச்சு, ரெண்டு மணியாகேக்க என்ர கண் தன்ரபாட்டுக்கு மூடும். அம்மாவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு சாய்மனைக் கதிரை கிடக்கு. அதில இருந்தால் சரி, செத்த பிணம்தான்.

கமெரா வந்து பத்தாம் நாளோ என்னவோ, அப்பிடிக் கிடக்கேக்க அலுமாரிக்கு மேல இருந்து ஒரு சத்தம்.

"தங்கச்சி! அம்மா தண்ணி கேக்கிறா, நீ நித்திரை!"

நான் துள்ளி எழும்பினதில பக்கத்தில இருந்த தேத்தண்ணிக் கோப்பை கவிண்டு போச்சு. அம்மா தண்ணி கேக்கேல்லை. கிளாசைத் தள்ளி வைச்சவ, அவ்வளவுதான். "தம்பி, நான் ஒண்டும் கேக்கேல்லையடா," எண்டு அம்மா அண்ணாவுக்குச் சொல்லச் சொல்ல, அவர் அங்க இருந்து பிரசங்கம் வைச்சார். வயசான மனிசி, பக்கத்தில இருக்கிற ஆள் விழிப்பா இருக்கவேணும், திரும்ப விழுந்தால் யார் பொறுப்பு எண்டெல்லாம். நான் நிலத்தைத் துடைச்சுக்கொண்டு கேட்டன். எனக்கு ஐம்பத்தி மூண்டு வயசு, பள்ளிக்கூடத்தில முழங்காலில நிக்கிற பிள்ளை மாதிரி வெக்கமாக் கிடந்தது.

அதுக்குப் பிறகுதான் கோதாரி விழுந்த கமெரா நிக்கத் தொடங்கினது.

ஒவ்வொரு நாளும் மத்தியானம். அண்ணா காலமை ரெயினில வேலைக்குப் போகேக்க பாக்கிறவர், இஞ்ச அது ரெண்டு மணி கழிஞ்ச நேரம். படம் வராட்டில் உடன எனக்கு ஃபோன் அடிப்பார். ஃபோன் ஹோலில சார்ஜில கிடக்கும். நான் அரை நித்திரையில எழும்பி ஓடிப் போய், அங்கயே இருக்கிற ரவுட்டரை நிப்பாட்டி, பத்து எண்ணி, திரும்பப் போடுவன். போட்டிட்டு அம்மாவின்ர அறைக்கு வந்தால் கமெராவில நீல லைட் மினுங்கிக்கொண்டிருக்கும். ரெண்டு நிமிசத்தில அண்ணாவுக்குப் படம் வந்திடும். ஆகவே பிழை ரவுட்டரில எண்டு நானும் நம்பினன், அண்ணாவும் நம்பினார்.

இன்ரநெற் கொம்பனிக்கு ஃபோன் அடிச்சால் அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டு, பிறகு ஒருத்தன் வந்து, "மிஸ், ரவுட்டர் எக்க ஓஃப் கரலா ஒன் கரன்ன," எண்டான், ரவுட்டரை நிப்பாட்டித் திரும்பப் போடட்டாம். அதைத்தானே ராசா நான் ஒவ்வொரு நாளும் செய்யிறன் எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொன்னன். அப்ப இன்னொருக்காச் செய்யச் சொன்னான். செய்தன். புது ரவுட்டர் தந்தாங்கள். கமெராவின்ர சார்ஜரை மாத்தினன். கடல் பக்கத்து வீடு, உப்புக் காத்தில எல்லாம் கறள் பிடிக்கும் எண்டு பிளக்கின்ர காலையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சன். ரெயின் போகேக்க கட்டடம் அதிருதோ எண்டு அண்ணா லண்டனில இருந்து கண்டுபிடிச்சார். அதுக்காக ரெயின் வாற நேரமெல்லாம் கமெராவைப் பாத்துக்கொண்டு நிண்டன். விசர் பிடிச்ச ஆள் மாதிரித்தான்.

பகல் பன்ரெண்டு மணிக்கு நிக்காது. நாலு மணிக்கு நிக்காது. ரெண்டு பத்து, ரெண்டேகால். அவ்வளவுதான் அதின்ர நேரம்.

ஆறாம் கிழமை அண்ணா வேற குரலில கதைச்சார். கத்தேல்லை. கத்தியிருந்தால் எனக்கு நல்லம்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லு. நீதானே நிப்பாட்டுறாய்? நித்திரை கொள்ளுறதுக்கு."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாத்தினன்.

"நான் உன்னைக் குறை சொல்லேல்லை. உனக்கு ஏலாதெண்டால் ஏலாது. ஹெந்தளையில கன்னியாஸ்திரிமார் நடத்திற இல்லம் ஒண்டு இருக்கு, இரவு பகல் நேர்ஸ் நிப்பினம். நான் கதைச்சிட்டன். இந்த மாசம் முடியிற மட்டும் பாப்பம். கமெரா இப்பிடியே நிண்டால் அம்மாவை அங்க விடுவம்."

அம்மாவுக்கு இதைச் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? தன்ர கட்டில், தன்ர சாமிப்படம், யன்னலால கேக்கிற அந்த ரெயின் சத்தம் இல்லாட்டில் அம்மா ஒரு மாசம் தாங்க மாட்டா. மாசம் முடிய ஒன்பது நாள் கிடந்தது. குசினிக்குள்ள போய்த் தண்ணிக் குழாயைத் திறந்து விட்டிட்டு அழுதன்.

கடைசியா ஆரோ சொல்லி, கொட்டாஞ்சேனையால இதுகள் திருத்திற ஒரு மனிசனைக் கூப்பிட்டன். என்ர வயசு இருக்கும். விரலில செபமாலை மோதிரம், மூக்கு நுனியில கண்ணாடி. கொம்பனியால வந்தவங்கள் மாதிரி வந்த உடன எதையும் கழட்டேல்லை. ஹோலில இருந்துகொண்டு தன்ர ஃபோனில ரவுட்டருக்குள்ள போய் அரை மணித்தியாலம் வாசிச்சார்.

"மிஸ், ரவுட்டர்ல ஒண்ணும் பிழ இல்ல," எண்டார். "கமெரா விழுந்த நேரம் ஒங்க ஃபோன் லைன்லதான் இருந்திருக்கு, டீவியும் இருந்திருக்கு. நீங்க ரவுட்டர நிப்பாட்டுறது அதுக்குப் பொறகு."

"அப்ப கமெரா பழுதோ?"

"அதுவும் இல்ல. சிக்னல் மட்டும் போச்சுன்னா கமெரா முழிச்சுத்தான் இருக்கும், தேடிக்கிட்டே இருக்கும். இது ஒவ்வொரு நாளும் புதுசா எழும்புது. நேத்து மூணு இருபதுக்குத்தான் உசிரு வந்திருக்கு. கரண்டே போயிருக்கு மிஸ்."

நேத்து ஞாயிறு, அண்ணா அடிக்கவுமில்லை, நான் ரவுட்டரைத் தொடவுமில்லை. அவர் எழும்பி அம்மாவின்ர அறைக்குள்ள வந்தார். கமெரா வயர் அலுமாரிக்குப் பின்னால இறங்கி, அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில சுவரில இருக்கிற பிளக்குக்குப் போகுது. பிளக்கை ஆட்டிப் பாத்தார், இறுக்கமா இருந்தது. பிறகு குனிஞ்சு சுவிட்சைச் சுத்திச் சுவரைப் பாத்தார். அதில பத்துப் பதினைஞ்சு கறுப்புப் புள்ளி, சின்னதா, கச்சான் கொட்டை அளவில. நான் ஒவ்வொரு வெள்ளியும் வீடு துடைக்கேக்க துடைச்ச புள்ளிதான். அலுமாரி தேய்ச்ச அடையாளம் எண்டு நினைச்சனான்.

அவர் சுவரைப் பாத்தார். கட்டில் தலைமாட்டில சாத்திக் கிடந்த அம்மாவின்ர ஊண்டுதடியைப் பாத்தார், அதின்ர நுனியில கறுப்பு ரப்பர். பிறகு அம்மாவைப் பாத்தார். அம்மா டக்கெண்டு கண்ணை மூடிக்கொண்டா.

"நாளைக்கு ரெண்டு மணிக்குத் தூங்காம இருந்து பாருங்க மிஸ்," எண்டு மட்டும் சொல்லிப்போட்டு அவர் பையைத் தூக்கினார். வாசலில நிண்டு சிரிச்சார், எனக்குச் சிரிப்பு வரேல்லை.

அடுத்த நாள் வழமை மாதிரிக் கதிரையில சரிஞ்சு, கண்ணை ஒரு கீத்துத் திறந்து வைச்சுக்கொண்டு கிடந்தன். அப்பிடிக் கிடக்கிறது லேசில்லை, நித்திரை ஆளை இழுக்குது.

"பிள்ளை," எண்டு அம்மா மெல்லக் கூப்பிட்டா. நான் அசையேல்லை. இன்னொருக்கா, "பிள்ளை?"

பிறகு தடி மெல்ல மெல்லச் சுவருக்குப் போனது. கட்டிலை விட்டு இறங்க ஏலாத மனிசி, மற்றக் கையால கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு, நாக்கைக் கடிச்சுக்கொண்டு, ரெண்டு தரம் தவறவிட்டு மூண்டாந்தரம் குத்தினா. டொக். நீல லைட் நூந்துபோச்சு.

"அம்மா!"

தடி நிலத்தில விழுந்தது. எனக்கு வந்த கோவம் கடவுளுக்குத்தான் தெரியும். ஆறு கிழமை! எத்தினை பேரிட்டை ஏச்சு வாங்கினன்!

"என்னம்மா செய்யிறீங்கள்? ஏனம்மா?"

"கத்தாதை," எண்டா. "நீ நித்திரையில வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாய். அவன் கண்டால் அண்டைக்குப் போல ஏசுவான். நீ ஒரு மணித்தியாலம் படுக்கிறது அவனுக்கு ஏன் தெரியவேணும்? நீ எழும்பிறதுக்குள்ள நான் போட்டு விடுறனான் தானே. ஃபோன் அடிச்சு நீ ஹோலுக்கு ஓடினாலும் உடன போட்டு விடுறனான் தானே."

ஹோலில ஃபோன் அடிக்கத் தொடங்கினது, நான் போகேல்லை, கதிரையில இருந்திட்டன். இனி மறைச்சு என்ன? ஹெந்தளைக் கதையை முழுக்கச் சொன்னன், மாச முடிவு, கன்னியாஸ்திரிமார், எல்லாம். அம்மா யன்னலைப் பாத்தா.

"கமெராவைப் போடு," எண்டா.

போட்டன். நீல லைட் மினுங்கினது. ரெண்டு நிமிசத்தில அண்ணாவின்ர குரல் வந்திட்டுது. "தங்கச்சி, இண்டைக்கும்..."

"தம்பி, நான்தான் நிப்பாட்டினனான்," எண்டு அம்மா அலுமாரியைப் பாத்துச் சொன்னா. "ஒவ்வொரு நாளும் நான்தான்."

"அம்மாவோ? உங்களுக்கு சுவிட்ச் எப்பிடி எட்டும்?"

அம்மா என்னட்டைக் கையை நீட்டினா. நான் தடியை எடுத்துக் குடுத்தன். அவ அதைத் தூக்கிக் கமெராவுக்குக் காட்டின விதத்தில, அண்ணா அறைக்குள்ள நிண்டிருந்தால் ஓடியிருப்பார்.

"அவள் விடிய நாலு மணிக்கு எழும்புறவள். நீ அங்க இருந்து என்னைப் பார். அவளை நான் பாக்கிறன். ஹெந்தளைக்கு அனுப்புறதெண்டால் நீ நேர வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போ."

ரெயினில ஆரோ அடுத்த ஸ்டேசனைச் சொல்லுறது மட்டும் கேட்டது. அது முடிய அண்ணா, "ஒருத்தரும் எங்கயும் போகத் தேவையில்லை அம்மா," எண்டார். பிறகு என்னட்டைக் கேட்டார்.

"நீ இவ்வளவு களைச்சுப் போயிருக்கிறாய் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கமெராவில தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்," எண்டன்.



அடுத்த நாள் சாப்பாட்டுப் பாத்திரமெல்லாம் கழுவி வைச்சிட்டு வந்து கதிரையில சரிஞ்சன். ஃபோனை ஹோலில வைக்கேல்லை, மடியில வைச்சுக்கொண்டு பாத்தன். ரெண்டு அஞ்சு. ரெண்டு பத்து.

"பிள்ளை, படுத்திட்டியோ?"

"ஓம் அம்மா, படுத்திட்டன்."

டொக் எண்டு கேட்டது. ஃபோன் அடிக்கேல்லை.