'புதிய தேனிரும்பு' கேட்ட டெண்டர்

தனபாக்கியம் அக்கா இன்று காலை போய்விட்டார். அவர் மகன் போன் செய்து சொன்னார்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். நான் அறுபதுகளில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கோயில் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்...

ஒரு வருஷம் கொள்ளிடக் கரையில் ஒரு சின்னக் கோயிலின் தேருக்கு இழுவைச் சங்கிலி செய்ய வேண்டியிருந்தது. டெண்டரில் 'புதிய தேனிரும்பு' என்று கேட்டிருந்தோம். ராட் அயர்ன் என்கிற அந்தப் பழங்கால இரும்பைத் தயாரிப்பதை உலகம் ஏறக்குறைய நிறுத்தியிருந்தது. தகவல் எங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வரவில்லை.

ஆனாலும் ஒரு கான்ட்ராக்டர் கொண்டுவந்துவிட்டார். கம்பி பளபளத்தது. சர்டிபிகேட் அதைவிட. இரும்பைச் சோதிக்க எங்களிடம் இருந்த ஒரே முறை, சர்டிபிகேட்டைப் படிப்பது.

விஷயம் கேள்விப்பட்டு, அக்கா துருப்பிடித்த கம்பி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார். ஏதோ பழைய பாலத்தைப் பிரித்தபோது எடுத்ததாம்.

"இதாங்க நெசத் தேனிரும்பு. அந்தாளு கொண்டாந்தது இல்லை."

"இது பழசும்மா. டெண்டர்ல புதுசுன்னு இருக்கு," என்றார் மேனேஜர்.

"தேர் புதுசுங்களா?"

"அது... பழசு."

"சாமி?"

மேனேஜர் ஃபைலைத் திறந்து பார்த்தார்.

அக்கா மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒன்பது நாள்... எங்களில் சிலரைவிட ஒழுங்கான அட்டெண்டன்ஸ்.

"உங்க சரக்கு விக்கணும், அதுக்கு இவ்ளோ பிடிவாதமாம்மா?" என்றார் மேனேஜர்.

"எங்கிட்ட வாங்கவே வேணாம். அதை மட்டும் வாங்காதீங்க. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடறவன் என் தம்பி. சங்கிலி அறுந்து வீசினா மொதல்ல அவன் மேலதான். தேனிரும்பு அறுந்து போறதுக்கு முன்னாடி இழுபடும், ஆள் விலக நேரம் குடுக்கும்."

பத்தாம் நாள் உளியோடும் சம்மட்டியோடும் வந்தார். கான்ட்ராக்டரின் கம்பியைப் பாதிவரை வெட்டி, சுவரிடுக்கில் செருகி, மடக்கச் சொன்னார். பட்டென்று ஒடிந்தது. உள்ளே கல்கண்டு போல மின்னியது.

அக்காவின் கம்பியிலும் அதே வெட்டு. நானும் வாட்ச்மேனும் தொங்கித்தான் வளைத்தோம். பிளந்த இடத்தில் கரும்புச் சக்கை மாதிரி நார் நாராக... ஒடியவில்லை.

மேனேஜர் வெகுநேரம் யோசித்து, 'புதிய' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த அலுவலகம் கண்ட ஒரே புரட்சி.

அந்தச் சொல் என் கைவரிசை. ஏதோ பழைய டெண்டரைப் பார்த்து, யோசிக்காமல் டைப் அடித்தது. அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"அட... அந்தப் புதுசு சார் நீங்கதானா?"

திட்டவில்லை. தேரோட்டத்தன்று, வடம் பிடிக்கக் கூட்டத்தின் முன்னால் போன என்னைக் கூப்பிட்டார்.

"அங்க எங்க போறீங்க? டைப் அடிச்ச கை இங்க பிடிக்கட்டும்."

சக்கரத்துக்குப் பக்கத்தில். அவர் தம்பிக்கு ஒரு முழத் தூரத்தில்.

பிடித்தேன். பழைய பாலத்து இரும்பில் செய்த சங்கிலி விறைத்தது... தேர் நகர்ந்தது. இரண்டு பேரும் முழுசாக நிலைக்கு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. போன வருஷம்கூட போனில் முதல் கேள்வி, "சங்கிலி எப்படி இருக்கு, புதுசு சார்?"

நன்றாக இருக்கிறது அக்கா. போய் வாருங்கள்.

– புதுசு சார்